இழுக்குதா

மண்ணை முதலில் அடிக்க வேண்டும். பிசைவது அப்புறம். கட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, சிமெண்டு மேடையில் ஓங்கி அறைந்து, புரட்டிப் போட்டு மறுபடியும் அறைய வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் காற்று அப்போதுதான் வெளியே போகும். காற்றோடு சக்கரத்தில் ஏற்றினால், பானையின் சுவர் எழும்பி வரும்போது அந்த இடத்தில் விரல் குதிக்கும். ஒரு முறை குதித்துவிட்டால் அந்தச் சுவர் நேராகாது.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரின் மண்பாண்ட வகுப்பில் மண் அடிப்பதில் நாகஜோதியை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் மேடைக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள்.

"யாரை நெனச்சு இந்தப் போடு போடற கண்ணு?" என்று சுப்பாத்தாள் கேட்பாள். "பேரைச் சொல்லு, நானும் ரெண்டு சாத்தறேன்."

நாகஜோதி சிரிப்பாள். பேரைச் சொல்ல மாட்டாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் நடு மூட்டிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. அதைப் பார்த்தவர்களுக்குப் பேர் சொல்லத் தேவையும் இல்லை.

அந்த இடம் ஒரு காலத்தில் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரனின் நிட்டிங் ஷெட், துணி பின்னும் இடம். மெஷின்களைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றிய பிறகு சும்மா கிடந்தது. மகள் தேஜஸ்ரீ வடக்கே போய் மண்பாண்டக் கலை படித்துவிட்டுத் திரும்பியபோது, ஷெட்டை அவளிடம் கொடுத்துவிட்டார். பாசம் பாதி, வியாபாரம் பாதி. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்காரர்கள் கம்பெனிக்கு வந்தால், தொழிலாளிகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்பாண்ட வகுப்பு, இலவசம், அக்கம்பக்கத்தவரும் வரலாம் என்று சொல்லி, போட்டோவும் காட்டலாம். முதல் நாள் போட்டோவுக்காக உட்கார வைத்த தையல்காரப் பெண்களில் நாகஜோதியும் ஒருத்தி. மற்றவர்கள் போட்டோவோடு சரி. அவள் அடுத்த வாரமும் வந்தாள்.

அவள் கால்தான் முதலில் காரியத்தைக் கெடுத்தது. ஓவர்லாக் தையல் மெஷினில் பெடலுக்குப் பாதி அழுத்தம் என்று ஒன்று கிடையாது. பீஸுக்குக் கூலி. முழுக்க மிதி, தையல் முடிந்ததும் விடு, அடுத்த பீஸ். வருடக்கணக்காக அதில் ஊறிய கால், மண்பாண்டச் சக்கரத்தின் பெடலையும் அப்படியே மிதித்தது. சக்கரம் ஒரு சுற்று உறுமியது. மண் கட்டி பறந்துபோய் சுப்பாத்தாளின் வெள்ளைச் சேலையில் அப்பிக்கொண்டது.

"அக்கா, இது பீஸ் ரேட் இல்லீங்க்கா," என்று தேஜஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாரும் உங்ககிட்ட ஷிப்மெண்ட் கேக்கல."

"என்னைப் பானையாவே பண்ணிப்போடலாம்னு பாத்தா போல," என்றாள் சுப்பாத்தாள். அவள் மகுடேஸ்வரனின் அக்கா. எதிர்ச் சாரியில் அவளுக்கு வாடகைக்கு விடும் ஒரு வரிசை லைன் வீடுகள் உண்டு. மருமகளிடமிருந்து தப்பிக்க வகுப்புக்கு வருவதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதுதான் இந்த வித்தையில் பாதி. சுற்றும் கட்டி ஆடிக்கொண்டே இருக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் அது ஆடும் பக்கமெல்லாம் கையைக் கொண்டு துரத்துவார்கள். துரத்தத் துரத்த அது இன்னும் ஆடும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, கையைக் கல்போல ஓர் இடத்தில் வைத்துவிட வேண்டும். மண் சுற்றி வந்து கையில் இடித்து, இடித்து, கடைசியில் அதுவே நடுவுக்கு வந்து அடங்கும். அது அடங்குகிற கணத்தில் சக்கரம் நின்றுவிட்டதோ என்று தோன்றும், அவ்வளவு அமைதி. நாகஜோதிக்கு அந்தக் கணம் கைவர மழைக்காலம் முழுவதும் ஆனது. வந்த பிறகு அவளால் அதை விட முடியவில்லை.

முனீஸுக்கு அது பிடிக்கவில்லை.

முனீஸ் அவள் கணவன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இருவரும் பிழைக்க வந்தவர்கள். அவள் தையலுக்குப் போனாள், அவன் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஆபரேட்டர். விறகு பாய்லர். புகையின் நிறத்தை வைத்தே உள்ளே விறகு ஈரமா காய்ந்ததா என்று சொல்லிவிடுவான். தெருவில் யார் வீட்டில் அடுப்பு சரியாக எரியாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் போய் ஒரே ஊதலில் எரிய வைத்துவிட்டு, "நெருப்புக்கு என்னைத் தெரியும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் சோறு ஆறியிருந்தால் தட்டு சுவரில் போய் மோதும், அதன் பின்னால் நாகஜோதியின் தலை மோதும். இது தெருவுக்கும் தெரியும். தெரு அதைப் பற்றிச் சிரிக்காது, பேசவும் பேசாது.

ஒரு நாள் சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் ஏதோ ஒரு சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள்.

"எங்க சூளை ஒங்க பாய்லரை விட சூடு மாமா. அம்புட்டு சூடு."

"எவன் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல. மீட்டர்ல நானே பாத்தேன்."

அவன் கையைத் தட்டிலேயே கழுவினான். துண்டால் பதறாமல் துடைத்துக்கொண்டான். அவளுடைய இடது கையை எடுத்து, ஏதோ மருதாணி பார்ப்பவன்போல் விரித்து, சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்தான்.

"இது எத்தனை டிகிரியில ஒடியும்னு மீட்டர்ல பாத்தியா?"

அவள் பதில் சொல்வதற்குள் விரல் பின்னால் மடங்கியது. பச்சைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் குறைந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி கூடியது.

விரல் கோணலாகக் கூடியது. ஓவர்லாக்கில் துணியை நகர்த்திக் கொடுக்க இடது கை சுண்டுவிரல் இல்லாமலும் சமாளிக்கலாம். அவள் சமாளித்தாள். வகுப்பையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று அவனிடம் சொன்னாள். திருப்பூரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவளுடைய கம்பெனி சூப்பர்வைசர், டாஸ்மாக்கில் முனீஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆர்டர் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது என்று அலுத்துக்கொண்டான்.

அன்றைக்கு முனீஸ் அவளை அடிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"இந்தா பாரு. வர்ற ஞாயித்துக்கெழமை நீ அங்கிட்டுப் போனா, சுண்டுவிரலோட நிக்காது. பத்தும் போகும். அப்புறம் எவன் ஒன்னை மெஷின்ல உக்கார வைக்கிறான்னு பாப்போம். அம்புட்டுத்தேன்."

அவன் சொன்னால் செய்வான். அது அவளுக்குத் தெரியும். பத்து விரலும் போனால் தையல் போகும், கூலி போகும், அவனை விட்டால் சோறில்லை என்றாகும். அவனுக்கு வேண்டியதும் அதுதான் என்பதும் தெரியும். இருந்தும் அவள் ஞாயிற்றுக்கிழமை போனாள். அவள் கையால் எழும்பிய முதல் பெரிய ஜாடி அன்றைக்குச் சூளையில் இருந்தது. சூளையைப் பார்த்துக்கொள்ளும் முறையும் அவளுடையது.

அந்தச் சூளை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். செங்கல்லில் கட்டிய ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கேஸ் பர்னர்கள். பின்னால் ஒரு புகைபோக்கி. அதன் கழுத்தில் ஒரு தகடு, டேம்பர். தகட்டை வெளியே இழுத்தால் கழுத்து திறக்கும், உள்ளே தள்ளினால் அடைக்கும். முதல் பாதிச் சூட்டில் தகடு திறந்தே இருக்கும். அப்புறம்தான் விளையாட்டு. தகட்டை உள்ளே தள்ளி, சூளையை மூச்சுத் திணற வைக்க வேண்டும். கேஸ் வந்துகொண்டே இருக்கும், அதை எரிக்கக் காற்றுப் போதாது. அரைகுறையாக எரியும் நெருப்பு காற்றுக்காக அலையும். எங்கும் கிடைக்காமல், கடைசியில் மேல்பூச்சில் இருக்கும் செம்புத் துருவிலிருந்தே பிராணவாயுவைப் பிடுங்கும். அப்படிப் பிடுங்கிக்கொண்டால்தான் பச்சையாக வர வேண்டிய பூச்சு ரத்தச் சிவப்பாக வரும்.

அந்த நேரத்தில் சூளைக்குள் ஓர் அழுத்தம் கூடி நிற்கும். முன்சுவரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துளை உண்டு, உள்ளே பார்ப்பதற்கு. அதை ஒரு மண் அடைப்பானால் மூடியிருப்பார்கள். அடைப்பானை எடுத்தால், வெளியே காற்று இருக்கிறது என்று தெரிந்த நெருப்பு, உள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பாயும். அதனால் பக்கவாட்டில் நின்று, நீண்ட இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். முகத்தை நேரே கொண்டுபோகவே கூடாது. தேஜஸ்ரீ இதை ஒவ்வொரு முறையும் சொல்வாள். நாகஜோதி அதை இடுக்கியால் எடுத்து, அந்த ஆரஞ்சு நாக்கு வெளியே வந்து துழாவுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அன்று மத்தியானம் வகுப்பு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். தேஜஸ்ரீ இன்னொரு சிலிண்டர் கொண்டுவர வேனில் போயிருந்தாள். ஷெட்டில் நாகஜோதியும் சுப்பாத்தாளும்தான். டேம்பர் உள்ளே தள்ளியிருந்தது. பர்னர்கள் தாழ்ந்த குரலில் இரைந்துகொண்டிருந்தன.

ஷட்டர் சடசடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. நாகஜோதி திரும்பினாள். முனீஸ் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டு, காலால் மிதித்துக் கொக்கியை மாட்டினான்.

"ஏனுங் தம்பி, யாருங்க நீங்க?" சுப்பாத்தாள் எழுந்து வந்தாள். "இது எங்கூட்டு எடமுங்க. மொதல்ல ஷட்டரைத் தூக்குங்க."

அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. புறங்கையால் ஒரு தள்ளு தள்ளினான். அவள் மண் மூட்டைகளின் மேல் விழுந்து, உதடு கிழிந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் காயவைத்திருந்த பானைகளின் அலமாரியை ஒரு கையால் சாய்த்தான். சுடாத பானைகள் உடையும்போது பெரிய சத்தம் வராது. பிஸ்கட் நொறுங்குவதுபோல் நொறுங்கின. அந்த மெல்லிய சத்தம் அவனுக்குப் போதவில்லை. கீழே கிடந்ததையெல்லாம் மிதித்தான். மிதித்துக்கொண்டே நாகஜோதியிடம் வந்தான்.

முதல் அறையில் அவள் காது அடைத்துப்போனது. இரண்டாவது அறை அவள் விழும்போது விழுந்தது. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சக்கரத்தின் முன்னால் மண்டியிட வைத்தான். வலது கையைப் பிடித்துச் சக்கரத்தின் இரும்புத் தட்டில் விரித்து வைத்து, மணிக்கட்டின் மேல் தன் முழங்காலை ஏற்றினான். பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுத்தான்.

"மாமா, வேண்டாம் மாமா. கம்பெனிக்குப் போகணும் மாமா."

"அதுக்குத்தான்டி இந்தக் கை."

செங்கல் மேலே போனது. அங்கேயே நின்றது. அவன் தலையைத் திருப்பிக் கேட்டான். அவன் கேட்டது சூளையின் இரைச்சலை. ஒரு பாய்லர்காரனுக்கு, நெருப்பு இரைகிற சத்தம் காதில் விழுந்தால், வேறு எதிலும் மனம் நிற்காது.

"ஒன் பானை அதுக்குள்ளயா இருக்கு?"

அவள் சூளையைப் பார்த்தாள்.

"சொல்லுடி!"

"ஆமா."

"அப்ப மொதல்ல அது," என்று அவன் செங்கல்லைக் கீழே வைத்தான். தொலைந்துபோகாத இடத்தில், சக்கரத்தின் ஓரமாகவே வைத்தான். "அப்புறம் கை."

கொதிக்கும் செங்கல்லில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பாய்லரின் உள்சுவர் ஒரு முறை அப்படித்தான் வெடித்தது. ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சூளையின் முன்னால் போய் நின்றான். அலட்சியமாக அதைச் சுற்றிப் பார்த்தான். கீழே பர்னர், பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைபோக்கி. புகைபோக்கி இருந்தால் நெருப்பு அந்தப் பக்கம்தான் போகும். வேறென்ன தெரிய வேண்டும்?

பக்கெட்டில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியைப் பிழிந்து கையில் சுற்றிக்கொண்டான். உள்ளே எந்த ஜாடி அவளுடையது என்று பார்க்க, அடைப்பானின் நேர் எதிரே குந்தினான். முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"இழுக்குதா?" என்றான்.

அவன் அவளைக் கேட்கவில்லை; வாய் தானாகக் கேட்டது. பாய்லரின் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆபரேட்டரும் கேட்கிற கேள்வி அது. அவர்களுடைய பாய்லரில் புகைபோக்கியின் அடியில் ஒரு பெரிய ஃபேன் ஓடும். அது ஓடும்வரை நெருப்பை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, நெருப்பு வெளியே வராது. கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் கதை வேறு. கதவைத் திறந்தவன் முகம் போய்விடும். அந்த வருடம் திருப்பூரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால், ஃபேன் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்த்து ஆபரேட்டர் "இழுக்குதா?" என்று கத்துவான். அவன் பார்த்துவிட்டு "இழுக்குது!" என்று கத்துவான். அதற்கப்புறம்தான் கதவு. சோறு கொண்டுபோகும் நாட்களில் நாகஜோதி இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

இந்தச் சூளைக்கு ஃபேன் கிடையாது. டேம்பர் உள்ளே தள்ளியிருக்கிறது. தள்ளியவள் அவள்தான். இது இழுக்காது, தள்ளும். 'இழுக்கல' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவன் கையை எடுத்துவிடுவான். எடுத்துவிட்டு, எழுந்து, செங்கல்லிடம் திரும்பி வருவான்.

"இழுக்குது," என்றாள் நாகஜோதி.

சத்தமாக, தெளிவாக, அந்தப் பட்டறை ஆள் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

அவன் அடைப்பானைப் பிடுங்கினான்.

உஸ்ஸென்று ஒரு சத்தம்தான் முதலில். நெருப்பு வந்ததை அவள் பார்க்கவில்லை. அவன் தலை இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் அவன் பின்னால் விழுந்து கிடந்தான். முடி கருகிச் சுருண்டு, புருவம் இல்லாமல், முகத்தைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாத கைகள் முகத்துக்கு முன்னால் அலைய, வாயால் மூச்சு விட்டு அலறினான். துளையிலிருந்து நாக்கு இன்னும் நீண்டு, அவன் தலைக்கு மேலே காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக் காலர் எரிந்தது.

நாகஜோதி ஓடினாள். முதலில் அவனிடம் ஓடவில்லை. சூளையின் பின்னால் போய் டேம்பரைப் பற்றி முழுக்க வெளியே இழுத்தாள். நாக்கு உள்ளே போய்விட்டது. பர்னர்களை அடைத்தாள். அப்புறம் வந்து, பானையைப் பிளக்க அவன் தூக்கி வந்த பக்கெட் தண்ணீரை அவன் தலையில் கொட்டினாள். தொட்டியிலிருந்து இன்னும் மொண்டு வந்து கொட்டினாள். அவன் கண்ணை மூடியபடியே எட்டி அவள் சேலையைப் பற்றினான். அடிக்கவா, பிடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை. அவள் காத்திருந்து பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டை மிதித்துச் சேலையை உருவிக்கொண்டு, அடுத்த பக்கெட்டுக்குப் போனாள்.

ஷட்டரைத் தூக்கியது சுப்பாத்தாள். உதட்டிலிருந்து ரத்தம் சேலையில் சொட்ட, அவள்தான் ரோட்டில் நின்று ஒரு காரை நிறுத்தினாள்.

அரசு ஆஸ்பத்திரியில், கண் தப்பிவிட்டது என்றார் டாக்டர். இமை தானாக மூடிக்கொண்டதாம். முகமும் கழுத்தும் ஒரு முன்கையும்தான். களிம்பும் துணியுமாகக் கிடந்தவனிடம், எப்படி நடந்தது என்று கேட்டார்.

நாகஜோதி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவன் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். சொன்னால், ஆமாம் என்று சொல்லத் தயாராகத்தான் நின்றாள்.

முனீஸ் வீங்கிய உதட்டைப் பிரித்தான். "பாய்லர்ல சார். ஃபேன் நின்னுபோச்சு."

பொம்பளையிடம் நெருப்பைப் பற்றிக் கேட்டு, அவள் சொன்னதை நம்பித் திறந்தேன் என்று அவனால் சொல்ல முடியாது. பட்டறையில் அதற்கப்புறம் அவன் தலை நிமிர முடியாது.

"ஏம்மா, அப்படித்தானா?"

"எனக்கு என்ன சார் தெரியும்," என்றாள் அவள். "நெருப்பைப் பத்தி அவருக்குத்தான் தெரியும்."

டாக்டர் போய்விட்டார். முனீஸ் தண்ணீர் கேட்டான். அவள் டம்ளரை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவள் கை முகத்துக்கு நேராக வந்ததும், அவன் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, தோளைக் குறுக்கினான். அந்தக் குறுகல் அவளுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அவள் உடம்பு செய்தது.

"தெரிஞ்சுதானடி சொன்ன?"

"ஆமா மாமா."

"செத்திருப்பேன்டி."

"தெரியும்."

"ஏன்டி?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. "கை வேணும் எனக்கு," என்றாள்.

முனீஸின் அண்ணன் செய்தி கேட்டு வார்டுக்குள் ஓடி வந்தார். அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. வாய் எரியும்," என்றாள். "இனிமே நீங்க பாத்துக்கங்க. நான் வர மாட்டேன்."

"என்னம்மா இப்படிப் பேசுற? புருஷன் இப்படிக் கெடக்கும்போது?"

அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் சுப்பாத்தாள் உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா," என்றாள் நாகஜோதி. "நான் அங்க சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

சுப்பாத்தாள் பஞ்சை எடுத்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள். "எனக்கு அந்தக் காது ரொம்ப வருசமா மந்தம் கண்ணு." மெதுவாக எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "லைன்ல ஒரு ஊடு சும்மாதான் கெடக்குது. கூட்டிப் பெருக்கோணும். ஆமா, உனக்கு நாளைக்குக் கம்பெனி உண்டா?"

"உண்டுங்கம்மா," என்றாள் நாகஜோதி. "புது ஆர்டர். காலையிலேயே மெஷின்ல உக்காரணும்."

இருவரும் படி இறங்கினார்கள்.